உண்ணும் கோளாறுக்குச் சிகிச்சை எடுக்கும்போது தீபாவளிக்கு ஊருக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. சென்னையில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகில். அளவில்லாமல் உண்டுவிட்டு, எடை கூடிவிடுமோ என்று பயந்து வாந்தி எடுக்கும் புலிமியா என்ற நோய் எனக்கு இருப்பதாகக் கண்டறிந்து எட்டு மாதங்களாகச் சிகிச்சையில் இருக்கிறேன். வாந்தி எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போக வேண்டும். பலகாரம், உறவினர்களின் பேச்சு, கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. போதாததற்கு, எனக்கு வரன் அமைய வேண்டும் என்று இந்த ஆண்டு நானும் கந்த சஷ்டி விரதம் இருப்பதாக அம்மா நேர்ந்திருக்கிறார். போகாமலே இருந்துவிடலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் தடை சொல்லாவிட்டால் போய் வாருங்கள். ஆனால் கிளம்பும் முன்பே சிலவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊரில் ஒருவருக்காவது உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது. இந்த ஆண்டு சஷ்டி விரதம் வேண்டாம். கடந்த சில வாரங்களில் மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்திருந்தால், வாந்தி மறுபடியும் அன்றாட வழக்கமாகியிருந்தால், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்திருந்தால், பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஒரு தீபாவளிக்குப் போகாததால் எந்த உறவும் அற்றுப்போவதில்லை.

நான் ஒரு மருத்துவ உளவியலாளர். இந்த நோயோடு வருபவர்களுடன் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். எடை, கலோரி ஆகியவற்றுக்கு உரிய எண்களை இந்தப் பதிலில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எண் ஒன்று கண்ணில் பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு தன்னையே அளக்கத் தொடங்குவது இந்த நோயின் இயல்பு.

நீங்கள் அஞ்சுவது பலகாரத்தை. எனக்கோ, பலகாரத்துக்கு ஈடுகட்டுவதாக நினைத்து நீங்கள் விடப்போகும் வேளைச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை. இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு அதைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராததால், அதற்கு மாற்றாக இந்த ஆய்வுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அழகுக்காக இளைக்க விரும்பியவர்கள் அல்லர். 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நாளாக ஆக அவர்களுடைய பேச்சும் நினைப்பும் சாப்பாடாகவே ஆகிவிட்டன. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், தட்டில் இருந்த கொஞ்ச உணவை வெகுநேரம் வைத்து வைத்து உண்டார்கள். எரிச்சலும் சோர்வும் தனிமை நாட்டமும் கூடின. பின்னர் வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, அவர்களில் சிலரால் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. தன்னடக்கம் இல்லாதவள் என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த 36 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்த உடல் உணவைக் கண்டதும் என்ன செய்யுமோ, அதையே உங்கள் உடலும் செய்கிறது.

இதனால்தான் புலிமியாவுக்கான சிகிச்சை பலகாரத்தைத் தடை செய்வதில் தொடங்குவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சை முறையின் முதற்படியே நேரத்துக்கு உண்பதுதான்: மூன்று வேளை உணவு, இடையிடையே இரண்டு மூன்று சிற்றுண்டிகள், விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இராமல் பார்த்துக்கொள்வது. உங்கள் சிகிச்சையாளரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

இந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு தீபாவளி வீட்டை எண்ணிப் பாருங்கள். அலுவலகம் முடிந்து எழும்பூருக்கு ஓடி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முதல் நாள் இரவுச் சாப்பாடு விட்டுப்போகும். பண்டிகையன்று விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் எண்ணெய், குளித்து வந்ததும் வெறும் வயிற்றில் லேகியம், பிறகு பூசை, புத்தாடை, வெடி, பெரியவர்கள் காலில் விழுவது என்று நேரம் போய், இட்லியும் கறிக்குழம்பும் தட்டுக்கு வரும்போது எட்டரை மணி ஆகியிருக்கும். மதியம் கனமான சாப்பாடு. அதன்பின் மூன்று மணிக்கு வீடே உறங்கும். அந்த நேரத்தில் அடுக்களையில் டின்கள் வரிசையாக நிற்கும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், இதை மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்ற சம்மதத்துடன், தன் தீபாவளி மதியம் ஒன்றை விவரித்தார். பலகாரம் போட்டு வைத்த பெரிய டின்னின் மூடியை நகம் கொடுத்து நெம்பினால் சத்தம் கேட்கும் என்பதால், ஈரத் துண்டை அதன்மேல் போர்த்தி ஓரம் ஓரமாக அழுத்தித் திறக்கப் பழகியிருந்தாராம். விளக்கைப் போடாமல், நின்றபடியே, முந்திரிக்கொத்தை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து உண்டிருக்கிறார். வெல்லத்தின் இனிப்பு நாக்கில் தெரியவே இல்லை, பயற்றம் மாவு தொண்டையில் ஒட்டியதுதான் நினைவிருக்கிறது என்றார். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி. அந்த நாளை நாங்கள் இருவரும் மணிவாரியாகத் தாளில் எழுதிப் பார்த்தோம். முந்தைய இரவு ரயிலில் ஒன்றும் உண்ணவில்லை. காலையில் ஒரே ஓர் இட்லி. மதியம் சித்தி ஏதோ சொன்னதால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மூன்றரை மணிக்கு டின் திறந்திருக்கிறது. மனம் முறிந்ததுபோல் அவருக்குத் தோன்றிய அந்த மதியம், தாளில் எழுதிப் பார்த்தபோது இருபது மணி நேரத்துப் பசியாகத் தெரிந்தது.

ஆகவே ரயில் ஏறும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், அல்லது பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லுங்கள். பண்டிகைக் காலையில் குளித்த அரைமணிக்குள், எல்லோரும் உட்காரும்வரை காத்திராமல், ஒரு தம்ளர் பாலும் வாழைப்பழமும் அல்லது இரண்டு இட்லியும் உண்டுவிடுங்கள். பலகாரத்தில் எதையும் விலக்கப்பட்டது என்று ஒதுக்காதீர்கள். ஒதுக்கி வைத்ததுதான் மூன்று மணிக்கு டின்னுக்குள்ளிருந்து அழைக்கும். அதிரசமோ முந்திரிக்கொத்தோ, தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, மற்றவர்களோடு பேசிக்கொண்டே, சாப்பாட்டின் பகுதியாக உண்ணுங்கள். அந்தப் பிற்பகல் நேரத்துக்குத் துணையும் வேலையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: அத்தை வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது, வெளியூரில் இருக்கும் தோழியிடம் தொலைபேசியில் பேசுவது என்று எதுவாகவும் இருக்கலாம். உண்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாக இராமல் இருந்தால், வாந்தி எடுக்க வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் எழுந்து உச்சத்தைத் தொட்டுத் தானே தணியும். தணியும் என்பதை எட்டு மாதச் சிகிச்சையில் நீங்களே சில முறையாவது பார்த்திருப்பீர்கள்.

எடை பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் அதன்மேல் ஏறாதீர்கள். உப்பும் மாவும் இனிப்பும் கூடுதலாக உண்ட மறுநாள் உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவி காட்டும் உயர்வில் பெரும்பகுதி அந்த நீர்தான், சில நாட்களில் தானே வடிந்துவிடும். அதைக் கொழுப்பு என்று எண்ணி அடுத்த வேளையை விட்டால் பழைய சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் செய்தும் ஒருநாள் வாந்தி எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாயை நீரால் நன்றாகக் கொப்பளியுங்கள், ஆனால் உடனே பல் துலக்காதீர்கள்; வயிற்று அமிலத்தால் இளகியிருக்கும் பற்சிப்பி துலக்கும்போது தேயும். உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அடுத்த வேளை உணவை அதற்குரிய நேரத்திலேயே, வழக்கமான அளவிலேயே உண்ணுங்கள். இதுதான் மிகக் கடினமானது, இதுவே மிக முக்கியமும்கூட. வாந்தியால் உண்டது முழுவதும் வெளியேறிவிடுவதில்லை, ஒரு கணிசமான பகுதி உடலிலேயே தங்கிவிடும். பேதி மாத்திரையோ பெரும்பாலும் பெருங்குடலில் வேலை செய்கிறது. உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு முடிந்திருக்கும், மாத்திரையால் வெளியேறுவது நீரும் உப்புகளும் மட்டுமே. அந்த உப்புகளில் ஒன்றான பொட்டாசியம் குறையும்போது இதயத்தின் துடிப்பு தடம் மாறக்கூடும். வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவருக்கும் இது நேரும் என்பதால், கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பொட்டாசியம் அளவுக்கான இரத்தப் பரிசோதனையும், அவர் சொன்னால் ஈ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் மயக்கம், இதயத் துடிப்பு தப்புவது, கைகால் தசைகள் இழுத்துப் பிடிப்பது, வாந்தியில் இரத்தம் இவற்றில் எது வந்தாலும் மறைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் சொன்னால் தேவையான பரிசோதனை விட்டுப்போகலாம்.

இனி உறவினர்களின் பேச்சு. நம் ஊரில் உடலைப் பற்றிச் சொல்வது நலம் விசாரிப்பின் ஒரு பகுதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஏட்டி, என்ன இப்படிப் பெருத்துட்ட?" என்பார் ஒருவர், அடுத்த வீட்டில் "துரும்பா மெலிஞ்சு போய்ட்டியே, ஹாஸ்டல்ல சோறு போடுதாங்களா இல்லையா?" என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே நாளில், ஒரே உடலைப் பற்றி. நம் பாட்டிமார் "பூசினாப்புல இருக்கா" என்று சொன்னது பாராட்டு. இன்று அதே சொல்லைக் கேட்டு ஒரு பெண் இரவெல்லாம் அழுகிறாள். பசிபிக் தீவான ஃபிஜியிலும் பருத்த உடலே மதிக்கப்பட்டு வந்தது. அங்கே 1995-இல் தொலைக்காட்சி வந்த ஒரு பகுதியில், ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளி மாணவியரிடம் அந்த ஆண்டும் 1998-இலும் விசாரித்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக முதலில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாண்டுக்குப் பின் சொன்னவர்கள் 11.3 சதவீதம். அத்தையின் சொல் மாறவில்லை, அதைக் கேட்கும் உங்கள் காது மாறியிருக்கிறது. அத்தையைக் குற்றவாளி ஆக்கவோ, வலி பொய் என்று சொல்லவோ இதைக் கூறவில்லை. அவர் கொடுக்க நினைத்தது அன்பு, உங்களுக்கு வந்து சேர்ந்தது காயம், இரண்டுமே உண்மை.

பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் பதில் கையில் இல்லாதபோதுதான் முகம் வாடி, சாப்பாட்டிலிருந்து எழ வேண்டி வருகிறது. "நல்லா இருக்கேன் அத்தை, உங்க முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" என்பதுபோல் ஒரே ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். இலையில் மேலும் மேலும் போடும்போது, "இப்ப போதும் சித்தி, சாயந்திரம் காப்பியோட சாப்பிடுதேன்" என்றால் பெரும்பாலும் கை நின்றுவிடும். "இளைச்சு அழகாயிட்ட, என்ன பண்ணின?" என்ற பாராட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. பழிச்சொல்லைவிட இந்தப் பாராட்டு நோய்க்கு அதிக உரம் போடும் என்பது என் அனுபவம். கல்யாணத்துக்கு முன் எடையைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு "டாக்டர் சொல்றபடி சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்ற ஒன்றே போதும், அது உண்மையும்கூட.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் சிகிச்சையாளருடன் பேசி முடிவெடுங்கள். நான் பார்த்தவரை, சொன்ன பிறகு வந்த சங்கடத்தைவிட மறைப்பதற்குச் செலவழிந்த உழைப்பே பெரிது. சொல்வதானால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, அவர் வேலையாக இல்லாத நேரத்தில், தொலைபேசியில் சொல்லலாம். "அம்மா, எனக்குச் சாப்பாடு சம்பந்தமா ஒரு நோய் இருக்கு. சில நேரம் அளவில்லாம சாப்பிட்டுட்டு, பயந்து வாந்தி எடுத்திருக்கேன். எட்டு மாசமா டாக்டரைப் பார்க்கேன், இப்ப நல்லா குறைஞ்சிருக்கு. நீங்க எதுவும் தப்பு பண்ணல. எனக்கு உங்க உதவி வேணும்." இவ்வளவு போதும். அவர் முதலில் அழலாம், கண்ணேறு என்று திருஷ்டி கழிக்கப் போகலாம், "நல்லாச் சாப்பிட்டா சரியாயிடும்" என்றும் சொல்லலாம். இந்த நோயை லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 30 நோயாளிகளைக் கொண்டு விவரித்துப் பெயரிட்டதே 1979-இல்தான். உங்கள் அம்மா இதைக் கேள்விப்பட்டிராததில் வியப்பில்லை. அவரிடம் கேட்கும் உதவி சிறியதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும்: என் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பிறர் பேசினால் பேச்சை மாற்றுங்கள், பலகார டின்களை உங்கள் அறையில் வையுங்கள், சாப்பிட்டதும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எவ்வளவு சாப்பிட்டாய், வாந்தி எடுத்தாயா" என்று காவல் காக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் சொல்ல இயலாவிட்டால் மதினியோ, அக்காவோ, ஒன்றுவிட்ட தங்கையோ, ஒருவர் போதும்.

சஷ்டி விரதத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஆறாம் நாள் சூரசம்ஹாரம் வரை நீளும் விரதம் அது. திருச்செந்தூரில் கோயில் வளாகத்திலேயே தங்கி, ஒருவேளை மட்டும் உண்டோ பாலும் பழமும் கொண்டோ ஆறு நாளும் நோன்பிருப்பவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் நோய்க்கு இதைவிட வசதியான மறைவிடம் கிடையாது. பலகாரம் உண்ட குற்ற உணர்வு உச்சத்தில் இருக்கும்போது, ஆறு நாள் உண்ணாமல் இருக்க ஊரே அனுமதி கொடுத்து, கையெடுத்தும் கும்பிடும். ஏழாம் நாள் அந்தப் பசி என்ன செய்யும் என்பதை மினசோட்டா இளைஞர்களிடம் பார்த்துவிட்டோம். பக்திக்காக இருக்கிறேனா, உண்டதை ஈடுகட்ட இருக்கிறேனா என்று உங்களையே கேட்டால் நேர்மையான பதில் வரும். பக்தி என்றே வந்தாலும், குணமாகிக்கொண்டிருக்கும் உடலுக்கு இந்த ஆண்டு அது ஆகாது.

அம்மாவின் நேர்த்திக்கடனை என்ன செய்வது? நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் உபவாசம் இருக்கச் சொல்லி நம் பெரியவர்கள் வற்புறுத்தியதில்லை. ரமலான் நோன்பிலும் நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஆறு நாளும் விடியலில் நீராடுவது, பாராயணம் செய்வது, விளக்கேற்றுவது, முடிந்தால் அம்மாவுடன் திருச்செந்தூர் சென்று கடலில் கால் நனைத்து வருவது, இவை எல்லாம் உங்களுக்கும் திறந்தே இருக்கின்றன, மூன்று வேளை உணவோடு. ஒருவேளை அம்மா, "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற சொல்லை, அதாவது சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை தங்கும் என்பதை எடுத்தால், இதையும் மெல்லச் சொல்லுங்கள்: வேளைக்கு உண்ணாமலும் வாந்தி எடுத்தும் மெலியும் பெண்ணின் மாதவிலக்கு தவறும், சில நேரம் நின்றே போகும். மகளின் நல்வாழ்வை வேண்டித்தான் அவர் நேர்ந்தார். அந்த நல்வாழ்வுக்கு இப்போது தேவைப்படுவது அவள் தவறாமல் உண்பது. பெரும்பாலான தாய்மார்களுக்கு இது புரிகிறது. அவர் தன் பங்குக்கும் உங்கள் பங்குக்கும் சேர்த்துத் தானே விரதம் இருப்பதாகச் சொன்னால், மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும்போது இரவில் மனம் தாங்காமல் போனால், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அழைப்பதோடு நிறுத்தாமல், நோய் தெரிந்த அந்த ஒருவரை எழுப்பி உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டீர்கள் என்றால், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே சிகிச்சையாளரைச் சந்திப்பதற்கான நேரத்தையும் இன்றே குறித்து வாங்கிவிடுங்கள். பத்து நாளில் வாந்தி எத்தனை முறை என்று கணக்கு வைக்க வேண்டாம். எந்த வேளையை எத்தனை மணிக்கு உண்டீர்கள், எது விட்டுப்போனது என்பதை மட்டும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அவரிடம் கொடுங்கள்.